வசந்தாமணியின் அறுபத்தொரு பேர்

வசந்தாமணி போன் செய்தால் முதலில் மாட்டைப் பற்றித்தான் விசாரிப்பார். இன்றைக்குக் காலையில் யார் கறந்தது, நீங்களா உங்கள் வீட்டுக்காரரா. நீங்கள் என்றால் எந்தக் கை முதலில் ஓய்ந்தது. மாடு இல்லாத வீட்டில் மாடிப்படி. எத்தனையாவது படியில் கைப்பிடியைத் தொட்டீர்கள். படியும் இல்லையென்றால் ஊசியில் நூல் கோத்தது, சட்டைப் பொத்தான் போட்டது, வரும் பஸ்ஸின் பெயரை எவ்வளவு தூரத்தில் படித்தது. "எப்படி இருக்கீங்க" என்று மட்டும் கேட்கமாட்டார்.

அந்தக் கேள்விக்கு இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. "நல்லாருக்கறனுங்க." கால் மரத்துப்போய்க் கட்டிலில் கிடப்பவரும் அதையே சொல்வார். கேட்டவர் மனம் சங்கடப்படக்கூடாது, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் வசந்தாமணி அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கங்களைப் பார்த்தால் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் நோயே கிடையாது.

சேலம் அஞ்சு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நரம்பியல் மருத்துவமனை. இரண்டாவது மாடியின் கடைசி அறையில் இரண்டு இரும்பு பீரோ, ஒரு மேசை, ஒரு போன். பன்னிரண்டரை வருஷமாக அவர் அங்கே இருக்கிறார். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்புகளின் மேலுறையை உடம்பே அங்கங்கே அரித்துவிடுகிற ஒரு நோய் இருக்கிறது. மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயர் வாயில் நுழையாததால் எல்லோரும் எம்.எஸ். என்பார்கள். மோட்டார் வயரை எலி கடித்த கதையாக அதை வசந்தாமணி விளக்குவார். கரண்ட் இருக்கிறது, கம்பியும் இருக்கிறது, மேலே ரப்பர் போய்விட்டது. ஒரு நாள் ஒரு கண் மங்கும். இன்னொரு நாள் பாதம் மரக்கும். சில வாரத்தில் தெளிந்துவிடும். பிறகு, எப்போதென்று சொல்லாமல், திரும்பி வரும்.

அது திரும்பி வருவதைக் குறைக்கத் தினம் ஒரு மாத்திரை. 2013 தை மாதத்தில் அந்த மாத்திரைக்கான ஆராய்ச்சியில் இங்கே அறுபத்தைந்து பேர் சேர்ந்தார்கள். இரண்டு வருஷத்தில் மாத்திரை என்ன செய்யும் என்பதை மற்ற ஊர்களில் முன்பே பார்த்திருந்தார்கள். பத்து வருஷத்தில் என்ன செய்யும், பதினைந்து வருஷத்தில் என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியாது. காத்திருந்து கேட்பதைத் தவிர அதற்கு வேறு வழியும் கிடையாது. காத்திருப்பதும் கேட்பதும்தான் வசந்தாமணியின் உத்தியோகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை கொடுத்துக் காலி அட்டைகளைத் திரும்ப வாங்குவது. வருஷத்துக்கு ஒருமுறை, சேர்ந்த மாதத்தில், நேரில் வரவழைத்து டாக்டரிடம் காட்டுவது.

பதிவேட்டின் கடைசிக் கட்டம் 'தொடர்பு விட்டவர்'. பன்னிரண்டு வருஷத்தில் அதில் நான்கு பெயர்தான் ஏறியிருக்கிறது. அயோத்தியாப்பட்டணத்தில் வீடு மாறி, போன் எண்ணும் மாறிப்போன ஒருவரை, அவருடைய பழைய தெருவில் பால் ஊற்றியவரைப் பிடித்துக் கண்டுபிடித்தார். செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் கணக்கெழுதும் ஒருவர் போனை எடுக்காமலே இருந்தார். வசந்தாமணி நேரே போய் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்று தும்மிக்கொண்டே கேள்விகளைக் கேட்டு முடித்தார். மீதி அறுபத்தொரு பேரும் இருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு முன் நாமக்கல் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் பதினோரு வருஷம் ரிஜிஸ்தர் எழுதினார். எத்தனை முட்டை, எத்தனை உடைசல், எத்தனை சாவு. ஒரு ஷெட்டில் நான்கு நாள் தொடர்ந்து சாவே இல்லை என்று வந்தது. காலையில் முதலாளி முகம் சுருங்கக்கூடாதென்று அங்கிருந்த ஆள் செத்த கோழிகளை வேலியோரம் புதைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் ஷெட்டே படுத்துவிட்டது. மருத்துவமனை வேலைக்கு வந்தபோது டாக்டர் தீபிகா, அப்போது அவரும் புதிது, "உங்களுக்கு மருத்துவம் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. செத்த கோழியை எழுதத் தெரியும்."

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

வசந்தாமணியின் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில். மலைப்பாதை முடிகிற இடத்தில், இறங்கி வரும் வண்டிகளின் பிரேக் தீய்ந்த வாசம் வீட்டு வாசல்வரை வரும். கணவர் ராசப்பன் இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு இப்போது சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வசந்தாமணி சாப்பிடும்போதும் யாருக்காவது போனில் பொத்தான் போட்ட கதை கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, "அறுபத்திரண்டாவதா என்னையும் சேத்திக்க. மூணு மாசத்துக்கு ஒருக்காவாச்சும் எந்தக் கை வலிக்குதுன்னு கேப்பே" என்பார்.

"உங்களுக்கு நாக்குதான் வலிக்கும். அதுக்குக் கட்டமில்லீங்க" என்பார் இவர்.

சென்ற ஆடியில் பன்னிரண்டு வருஷ அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அது ஆராய்ச்சியின் தலைமை மையத்துக்குப் போகவேண்டும். அறுபத்தொரு பேரில் ஒன்பது பேருக்கு இத்தனை வருஷத்தில் நோய் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. அந்த ஒன்பதில் முதல் பெயர் மைதிலி. வெண்ணந்தூர்ப் பக்கத்துக்காரி, முப்பத்தெட்டு வயது, மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் நாலு கறவை மாடும் உள்ள வீட்டின் மருமகள். முப்பத்தொன்றாம் எண் கோப்பு. ஒல்லியான கோப்பு. எழுத ஒன்றும் இல்லாததால் ஒல்லி.

அதற்கு முந்தின சனிக்கிழமை மைதிலியின் கணவர் சந்தோஷ்குமார் வந்து, ஆறு மாதத்துக்கான பதின்மூன்று காலி அட்டைகளைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆறு மாதத்து மாத்திரையை வாங்கிப்போனார். அட்டைக்குப் பதினான்கு மாத்திரை. வசந்தாமணி வழக்கம்போல எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. எண்ணி முடித்த பிறகும் அவருக்கு அட்டைகளைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

வீட்டில் சாப்பிடப்பட்ட மாத்திரையின் அட்டை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மணிபர்சில் மடிந்திருக்கும். கத்தரிக்கோலால் பாதி வெட்டியிருக்கும். பேனாவால் தேதி எழுதி இரண்டு நாள் கழித்து எழுதுவதை மறந்திருப்பார்கள். மஞ்சள் கறை, எண்ணெய் விரல், ஊருக்குப் போனபோது பையில் நசுங்கிய மூலை. இந்தப் பதின்மூன்றும் கடையிலிருந்து வந்தபடி தட்டையாக இருந்தன. பின்பக்கத் தாள் எல்லாக் குழியிலும் ஒரே பக்கமாகக் கிழிந்திருந்தது. ஒரே இருப்பில் உட்கார்ந்து, ஒரே கட்டை விரலால், அவரைக்காய் உரிப்பதுபோல உரித்த அட்டைகள்.

பீரோவில் பழைய பைகள் இருந்தன. எடுத்து மேசையில் பரப்பினார். சென்ற வருஷத்து இரண்டு பையும் அதே மாதிரி. முப்பத்தொன்பது அட்டை, ஒரு மடிப்பில்லை. அதற்கும் முந்தின வருஷத்துப் பையைத் திறந்தால் ஊறுகாய் வாசம் வந்தது.

அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கைப்பையில் ஒரு பழைய அட்டையும் ஒரு புது அட்டையும் வைத்துக்கொண்டு ராசிபுரம் பஸ் ஏறி, அங்கிருந்து மினி பஸ்ஸில் போனார்.

தோட்டத்து வீட்டு வாசலில் மைதிலியின் மாமியார் சௌந்திரம் கிழங்குக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். வசந்தாமணி தன் பேரைச் சொன்னார்.

"வாங்க அம்மிணி. போன்ல பேசற அம்மிணியா நீங்க. கொரலைக் கேட்டு ஒல்லியா இருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

"கொரலு ஒல்லிதானுங்கம்மா. மிச்சமெல்லாம் உக்காந்தே செய்யற வேலை."

"அப்ப உள்ள வந்து இன்னுங் கொஞ்சம் உக்காருங்க. மைதிலி, அக்கா வந்துருக்குது பாரு."

மைதிலி மோர் கொண்டுவந்தாள். சொம்பை வைக்கும்போது சிரித்தாள்; வசந்தாமணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. சந்தோஷ்குமார் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோயிருந்தார். வசந்தாமணி மோரைக் குடித்து முடித்துவிட்டு இரண்டு அட்டையையும் தரையில் பக்கத்துப் பக்கமாக வைத்தார்.

"ரெண்டும் உன்னுதுதான் கண்ணு. எது சாப்பிட்ட அட்டை, எது சாப்பிடாத அட்டைன்னு நீயே சொல்லு."

மைதிலி அட்டைகளைப் பார்த்தபடி இருந்தாள். வாசலிலிருந்து சௌந்திரம்தான் பேசினார்.

"நான் அன்னைக்கே சொன்னேன். கொஞ்சம் கசக்கிக் குடுத்து உடு சாமின்னு. கேட்டாத்தான."

"அத்தை, நீங்க சித்த சும்மா இருங்க."

"இனிச் சும்மா இருந்து என்னாவுது. அந்தச் சீசாவைக் கொண்டாந்து காட்டு."

மைதிலி உள்ளே போய் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தாள். முக்கால்வாசிக்கு மேல் வெளிர்நீல மாத்திரைகள். வெயில் பட்டதும் பாட்டில் அழகாக இருந்தது. ஐந்நூற்று நாற்பத்தாறு இருக்கும் என்று வசந்தாமணி மனசுக்குள் போட்டுக்கொண்டார்.

"குப்பைல போட மனசு வரலீங்கக்கா. மருந்தை வீசறது பாவமுங்கல்ல" என்றாள் மைதிலி.

"ஏன் கண்ணு உட்டே?"

ஒன்றரை வருஷத்துக்கு முந்தின தை மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தார்கள். பதினொரு வருஷமாக மைதிலிக்கு ஒன்றும் இல்லை. நன்றாக இருப்பவள் தினம் எதற்கு மாத்திரை விழுங்க வேண்டும் என்ற பேச்சு வீட்டில் அடிக்கடி வந்தது. மைதிலிக்கும் அந்த எண்ணம் இருந்தது. காலையில் மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கும்போது மட்டும்தான் அவளுக்குத் தான் நோயாளி என்ற ஞாபகமே வருகிறது. அதனால் சாமியிடம் பூ கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து சாமி முன்னால் போட்டு, பூசாரி வீட்டுக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது வழக்கம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணம், கிணறு, நிலம், எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் அப்படித்தான். மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். குழந்தை எடுத்த மடிப்பில் வெள்ளரளி இருந்தது.

"சாமி சொன்னதுக்கு மேல டாக்டரு சொல்ல முடியுங்களா, நீங்களே சொல்லுங்க" என்றார் சௌந்திரம்.

"அதுல நான் பேச ஒண்ணுமில்லீங்கம்மா. மாத்திரையை உடலாமான்னு கேட்டீங்க, வெள்ளைப் பூ வந்துச்சு. சரி. டாக்டர்கிட்ட மறைக்கலாமான்னு கேட்டதுக்கு எந்தப் பூ வந்துச்சுங்க?"

சௌந்திரம் கட்டிய குச்சிக் கட்டை ஒருமுறை இறுக்கினார்.

"அதைக் கேக்கலைங்க" என்றார்.

"டாக்டரம்மா மனசு நோகுமேன்னுதானுங்கக்கா" என்றாள் மைதிலி. "பதினொரு வருசம் அவங்களும் பாடுபட்டிருக்கறாங்க. நீங்களும் போன் பண்றப்பெல்லாம் என்னையப் பத்தி எவ்வளவு பெருமையாப் பேசறீங்க. வேண்டாமுன்னு எப்பிடிச் சொல்றது."

வசந்தாமணி அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இந்தப் பதினெட்டு மாசத்துல கால் கையி, கண்ணு, ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லீங்க" என்றாள். பிறகு, "சித்திரைல ஒருக்கா" என்றாள்.

வாய்க்காலோரம் தண்ணீர் திருப்பப் போனவள், வரப்பில் திரும்பிப் பார்த்தபோது வலது கால் செருப்பு பத்தடி பின்னால் கிடந்தது. எப்போது கழன்றதென்று தெரியவில்லை. வெறுங்காலில் நடந்தது தெரியவில்லை. அந்தப் பாதம் பன்னிரண்டு நாள் அவளுடையதாக இல்லை. செருப்பை ஒரு துணியால் காலோடு கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தீனி போட்டிருக்கிறாள். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு நாள் வசந்தாமணி போன் செய்திருக்கிறார்.

"அன்னைக்கு என்ன பேசுனோம்?" என்று கேட்டார் வசந்தாமணி.

"எலுமிச்சங்கா ஊறுகாய்க்கு வெந்தயம் எவ்வளவு போடோணும்னு கேட்டீங்க."

வசந்தாமணிக்கு ஞாபகம் இருந்தது. மைதிலியோடு பேசுவது அவருக்குப் பிடிக்கும். அவள் எப்போதும் நன்றாக இருந்ததால், நாளடைவில் மாட்டைக் கேட்பதும் படியைக் கேட்பதும் நின்றுபோய், அவளோடு மட்டும் வெறும் பேச்சாகிவிட்டிருந்தது. கடைசியில் ஒரு "நல்லாத்தான இருக்கறே", ஒரு "நல்லாருக்கறனுங்கக்கா". அதைத்தான் ஆறு தடவை பதிவேட்டில் எழுதியிருக்கிறார்.

"எழுதினீங்கன்னா என்னைய எடுத்துருவாங்களாக்கா?"

"தெரியலை கண்ணு. மாத்திரையைப் பத்தின ஆராய்ச்சி. மாத்திரை சாப்பிடாதவங்களை வெச்சுக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது."

"எழுதாம உட்டீங்கன்னா?"

"எழுதாம உட்டா உன்ற பேர்ல வேற எவளோ நல்லா இருப்பா."

மைதிலி அழவில்லை. பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினாள். "எடுத்துருவாங்களோன்னு பயப்படறது மாத்திரைக்காக இல்லீங்கக்கா. இந்த ஊருல எனக்கு என்ன நோவுன்னு சொன்னா ஒருத்தருக்கும் வெளங்கறதில்லை. அங்க வந்து அந்தப் பெஞ்சுல உக்காந்தாத்தான் என்ற மாதிரி இன்னும் அறுவது பேரு இருக்கறாங்கன்னு தெரியுது" என்றாள்.

கிளம்பும்போது சௌந்திரம் ஒரு பை நிறைய எலுமிச்சங்காய் கொடுத்தார். "வெந்தயம் கம்மியாப் போடுங்க. கசந்துரும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயல்களில் கிழங்குச் செடிகள் விரித்த கைகளாக நின்றன. அட்டைகளைப் பார்ப்பது வசந்தாமணி ஒருவர்தான். அவர் வாயைத் திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ஒன்பது பேர் ஒன்பது பேராகவே போவார்கள், மைதிலி பெஞ்சில் வந்து உட்காருவாள். எழுதினால் அவளை எடுத்துவிடக்கூடும். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொருவரையும் ஊர் ஊராகத் தேடி உள்ளே வைத்திருந்தவர், தன் கையாலேயே ஒருத்தியை வெளியே அனுப்பியதாகிவிடும். ராசிபுரத்திலிருந்து சேலம் வரும்வரை இதையே யோசித்தார். ஆண்டகளூர் கேட் தாண்டும்போது ஒரு முடிவும், மல்லூரில் வேறொரு முடிவும் எடுத்தார்.

ராசப்பனிடம் சொன்னதற்கு அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, "ஓட்டை எங்கன்னு தெரிஞ்சப்பறம் அதுக்கு மேலயே காத்தடிச்சு உடறதுக்கு எனக்குத் தெரியாதப்பா" என்றார். பிறகு, "உனக்கும்தான்" என்றார்.

திங்கட்கிழமை காலை மற்றவர்களுக்கு முன்பே போய், மீதி எட்டுப் பேரின் பைகளையும் மேசையில் கொட்டினார். கசங்கியவை, எண்ணெய் படிந்தவை. ஒரு அட்டையை எலி கடித்திருந்தது. இன்னொன்றின் பின்னால் யாரோ மளிகைச் சாமான் எழுதியிருந்தார்கள்: கடுகு, பொட்டுக்கடலை, சீயக்காய். வசந்தாமணிக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. எட்டுப் பேரும் உண்மையாகவே விழுங்கியிருக்கிறார்கள்.

பிறகு மைதிலியின் கோப்பை எடுத்து எழுதினார். மாத்திரை நிறுத்திய தேதி. நோய் திரும்பி வந்த மாதம், எந்தக் கால், எத்தனை நாள். காரணம் என்ற இடத்தில் பக்க விளைவு, கர்ப்பம், சொந்த முடிவு, இதர காரணம் என்று நான்கு கட்டம் இருந்தது. 'இதர'வில் குறியிட்டுப் பக்கத்தில் 'குலதெய்வக் கோயிலில் பூ கேட்டது' என்று எழுதினார். கடைசியாக ஒரு வரி சேர்த்தார். 'இந்தக் காலத்தில் போனில் எடுத்த ஆறு பதிவுகளையும் நம்பக்கூடாது. கேட்க வேண்டியதைக் கேட்காதது என் தவறு.' கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் தீபிகாவின் அறைக்குப் போனார்.

டாக்டர் இரண்டு பக்கத்தையும் படித்தார். "பதினெட்டு மாசம்" என்றார்.

"நல்ல புள்ளைங்க மேடம். உங்க மனசு நோகும்னுதான் சொல்லலை. எடுத்துராதீங்க" என்றார் வசந்தாமணி.

"யாரு எடுக்கறாங்க அக்கா? நிறுத்தினவங்களை எல்லாம் வெளியே அனுப்பிட்டா மிச்சம் இருக்கறவங்க நல்லாத்தான் இருப்பாங்க. அதைப் பார்த்துட்டு மாத்திரை பிரமாதம்னு நாமளே கை தட்டிக்கலாம். பன்னிரண்டு வருஷம் கழிச்சு யாருக்கு வேணும் அந்தக் கைதட்டல்? விட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் இருக்கறவங்க கணக்குக்கே அர்த்தம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நான் மட்டும் சொல்லிப் பத்தாது. மையத்துக்கு எழுதறேன்" என்றார்.

திங்கள் போய்ச் செவ்வாயும் போனது. வசந்தாமணி அந்த இரண்டு நாளில் பதினொரு பேருக்குப் போன் செய்தார். பதினொருவரும் அவர் குரல் சரியில்லை என்று அவரை விசாரித்தார்கள். "நல்லாருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் மையத்திலிருந்து டாக்டருக்குப் போன் வந்தது. ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார்கள். பூ, வெள்ளை, சிவப்பு என்று டாக்டர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருப்பது வெளியே கேட்டது. போனை வைத்துவிட்டு வசந்தாமணியைக் கூப்பிட்டார்.

"அவங்க லேசாச் சிரிச்சாங்க. நான் சொன்னேன், ஆரம்பத்துல நாமளும் அறுபத்தஞ்சு பேரைச் சீட்டுப் போட்டுத்தான பிரிச்சோம். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்குப் பழைய ஊசி. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எல்லாருக்கும் மாத்திரை. அப்புறம் பூவைப் பார்த்து எப்படிச் சிரிக்கறது."

"என்னங்க சொல்றாங்க மேடம்?"

"நிறுத்தியும் தொடர்பில் இருப்பவர்னு எழுதிக்கச் சொல்றாங்க. ஒன்பது எட்டு ஆகுது. உடனே வரச்சொல்லுங்க, ஸ்கேன் எடுத்துரலாம். மாத்திரையை மறுபடி சாப்பிடறதா இல்லையாங்கறது எனக்கும் அவங்களுக்கும் நடுவுல. அப்புறம் உங்க கடைசி வரியை அப்படியே வெச்சுக்கறாங்களாம். மத்த ஊருக்காரங்களையும் போன் பதிவை ஒருக்கா திருப்பிப் பார்க்கச் சொல்லப்போறாங்க."

வசந்தாமணி வராந்தாவுக்கு வந்து மைதிலிக்குப் போன் செய்தார். செய்தியைச் சொன்னதும், மாடு கத்தும் சத்தத்துக்கு நடுவே, "நாளைக்கே வர்றனுங்கக்கா" என்றாள்.

மறுநாள் மைதிலி மாமியாரோடு வந்தாள். ஸ்கேனில் பழைய வெண்புள்ளிகளோடு மிளகளவுக்குப் புதிதாக ஒன்று இருந்தது. டாக்டர் அதைக் காட்டினார், கோபப்படவில்லை. ரத்தப் பரிசோதனை முடிந்ததும் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். மைதிலி திரையில் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிச்சுக்கறனுங்க" என்றாள்.

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் சௌந்திரம். "ஒண்ணரை வருசம் அது பேச்சைக் கேட்டாச்சல்ல. கோவிச்சுக்காது."

"கோவிச்சுக்கிட்டாலும், மறுபடி விடணும்னு தோணினாலும் விடலாம். அன்னைக்கே வசந்தாக்காவுக்கு ஒரு போன். அவ்வளவுதான் நான் கேக்கறது" என்றார் டாக்டர்.

வராந்தாவில் இருபத்தைந்து அடி தூரத்துக்கு இரண்டு பக்கமும் நீல டேப் ஒட்டியிருக்கும். ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நடக்க வேண்டும். வசந்தாமணி ஸ்டாப் வாட்சோடு நின்றார். மைதிலி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். வலது பாதம் தரையைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் யோசித்தது. ஆறு நொடியும், நொடியில் பத்தில் மூன்று பங்கும். தை மாதத்தில் ஐந்துக்கும் கீழே.

"இன்னொருக்கா நடக்கறனுங்க. இது செரியா வரலை."

"இன்னொருக்கா நடக்கறதுதான் சட்டம். ரெண்டையும் எழுதுவேன்."

இரண்டாவது தடவை ஆறு நொடியும் ஐந்து பங்கும். மைதிலி சிரித்துவிட்டாள். கோட்டின் மேலேயே நின்று, வசந்தாமணி எழுதுவதை எட்டிப் பார்த்தாள். இரண்டு எண்ணையும், அவற்றுக்குக் கீழே வலது பாதத்தைப் பற்றிய மூன்று வரியையும் வாய்க்குள் படித்தாள்.

"எல்லாத்தையும் எழுதியாச்சுங்களா?"

"எழுதியாச்சு."

"அப்ப நான் இதுல இருக்கறனுங்களா?"

"இருக்கறே."

மைதிலி போய் அந்தப் பெஞ்சில், தன் முறைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் காலைக் காட்டிக் காட்டிப் பேச ஆரம்பித்தார்கள். வசந்தாமணி கோப்பை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். பீரோவில் முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே அதன் இடம். இப்போது தடித்திருந்ததால், இரண்டு பக்கத்துக் கோப்புகளையும் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் நுழைக்க வேண்டியிருந்தது.